முப்பதாவது பெயர்

அத்தியாயம் 11

போன வாரம் ரோண்டா, அடுப்பில் பன்றி இறைச்சியை வைத்துவிட்டு ஃபோனும் கையுமாக உட்கார்ந்துபோனாள் அல்லவா? இறைச்சி கருகிவிட்டது. அதையே தட்டில் வைத்தாள். அவள் கணவன் மெர்ல் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்று முடித்தான். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பது ஹாவர்காம்ப் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து.

ஃபோனில் பேசியவன் இளைய மகன் ப்ரோடி. பல்கலைக்கழக மல்யுத்த அணியின் நட்சத்திரம். இந்த வருஷத்திலிருந்து பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்குச் சம்பளம் தர ஆரம்பித்திருக்கிறது. ப்ரோடிக்கு அந்தச் சம்பளமும் உண்டு, சோள விதைக் கம்பெனியின் விளம்பரப் பணமும் உண்டு.

சம்பளத்தோடு கூடவே ஒரு விதியும் வந்தது. அணியில் முப்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பெல்லாம் வியர்வை சிந்தத் தயாராக இருக்கும் எவனும் பயிற்சி அறையின் மூலையில் ஓர் இடம் பிடித்துக்கொள்ளலாம். இப்போது அணியில் முப்பத்தொரு பேர். ஒரு தலை அதிகம்.

அந்த ஒரு தலை, மூத்த மகன் டால்டனுடையதாக இருக்கலாம்.

டால்டனுக்கு இது ஐந்தாம் வருஷம். சம்பளமும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. கோடையெல்லாம் சோளக்காட்டில் விதைச் செடிகளின் உச்சிப் பூக்குஞ்சத்தைக் கிள்ளி, அந்தக் கூலியில் படித்தவன். போட்டிகளில் அவன் இறங்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அவன் வேலை, தினமும் தம்பியோடு மல்லுக்கு நின்று தம்பியைத் தயார்படுத்துவது. ப்ரோடியின் ஒவ்வொரு பதக்கத்திலும் பாதி, டால்டனின் முதுகில் உராய்ந்து பளபளப்பானது என்று ரோண்டா சொல்வாள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அதிகமில்லை.

காசு வாங்காதவர்கள் டால்டன் மோதும் எடைப் பிரிவில் இரண்டே பேர். டால்டன், பிறகு முதல் வருஷப் பையன் கேஜ் ட்வோராக். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் மோத வேண்டும். ஜெயிப்பவன் முப்பதாவது ஆள். தோற்பவன் வீட்டுக்கு.

இதை டால்டன் வீட்டில் சொல்லவில்லை. தம்பிக்குத்தான் வாய் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ரோண்டா சமையலறையில் நின்றாள். மோதுவதற்கு முன் எடை பார்த்து முடிக்கிற வரை டால்டன் பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பான். அதற்கப்புறம் சாப்பிட, ஒரு பட்டாளத்துக்குப் போதுமான அளவு செய்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பன்றிக் கொட்டகையிலிருந்து வந்த மெர்ல் கை கழுவிக்கொண்டே அடுக்குகளைப் பார்த்தான்.

"அவன் நம்மகிட்ட சொல்லவே இல்லையே, ரோண்டா."

"நீ கேட்டியா?"

"சொல்லாதவன்கிட்ட போய்க் கேட்டா சங்கடப்படுவான்."

"அப்பனும் மகனும் வாயில பூட்டைப் போட்டுக்குங்க. நான் மட்டும் ஊரெல்லாம் சாவி தேடிக்கிட்டு அலையறேன். போய்ச் சட்டையை மாத்து. பன்னி வாசனையோட அங்க வராத."

பல்கலைக்கழகம் இரண்டு மணி நேரப் பயணம். முதல் பத்து நிமிஷம் வண்டியில் வானிலை பேசினார்கள். பதினோராவது நிமிஷத்தில் மெர்லால் முடியவில்லை.

"காசு இல்லாத வரைக்கும் அந்த அறையில எல்லாருக்கும் இடம் இருந்துச்சு. காசு வந்துச்சு, தலையை எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. நான் சொன்னேனா இல்லையா?"

"நீ எதுதான் சொல்லலை?"

"விளையாட்டுன்னா விளையாட்டா இருக்கணும். கூலிக்கு மல்லுக்கு நிக்கிறது வேற."

ரோண்டா இதற்காகவே காத்திருந்தவள் போல் திரும்பி உட்கார்ந்தாள். "போட்டி அன்னைக்கு ஹால் பூரா டிக்கெட் வாங்கினவங்க உக்காந்திருக்காங்க. பாப்கார்ன் விக்கிறவனுக்குக் கூலி உண்டு. தரை துடைக்கிறவனுக்குக் கூலி உண்டு. கோச்சுக்கு ஏரிக்கரையில வீடே உண்டு. நடுவுல உருண்டு எழுந்திருக்கிற என் புள்ளைக்கு மட்டும் என்ன, கைத்தட்டலா?"

"படிப்பு குடுக்கறாங்கல்ல."

"டால்டனுக்கு அதுவும் குடுக்கலையே."

மெர்ல் ஹீட்டரைக் கூட்டி வைத்தான்.

"நான் பள்ளிக்கூடத்துல இருநூறு பிள்ளைங்களுக்குச் சமைக்கிறேன், மெர்ல். பாசமாத்தான் சமைக்கிறேன். அதுக்காக, சம்பள நாள்ல பாசத்தை மட்டும் கவர்ல போட்டுக் குடுத்தா வாங்கிட்டு வந்துடுவேனா?"

மெர்ல் வண்டியைச் சரளைக்கல் சாலைப் பக்கம் திருப்பப் போனான்.

"நேராப் போ," என்றாள் ரோண்டா.

"இது குறுக்குவழி."

"இது ஏழு மைல் சுத்து. நெடுஞ்சாலையில உன் மகன் மூஞ்சி மாட்டியிருக்கறதுனால ரெண்டு வாரமா இப்படித்தான் சுத்திட்டு இருக்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நேராப் போ."

நேராகப் போனான். சோளத் தட்டை வெட்டிய வயல்களுக்கு மேலே, விளம்பரப் பலகையில், கையில் கதிரோடு ப்ரோடி சிரித்துக்கொண்டிருந்தான். ரோண்டா நிறுத்தச் சொன்னாள். மெர்ல் நிறுத்தினான். இறங்கி, தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"அவன் காதைக் காணோம்," என்றான்.

ரோண்டாவும் பார்த்தாள். மல்யுத்தக்காரனுக்குக் காது அடிபட்டு அடிபட்டு மடிந்து, காலிஃப்ளவர் மாதிரி ஆகிவிடும். ப்ரோடிக்கு இரண்டு காதும் அப்படித்தான். விளம்பரக்காரர்கள் கம்ப்யூட்டரில் அதை நீவிச் சரிசெய்து, சினிமாக்காரன் காது மாதிரி ஒட்டவைத்திருந்தார்கள்.

"அந்தக் காது ஆறாங்கிளாஸ்ல இருந்து அவன் சம்பாதிச்சது," என்றான் மெர்ல். "அதை அழிக்க இவங்க யாரு?"

"ஓகோ. காசு குடுக்கலாம், காதுல கை வைக்கக் கூடாதுங்கற."

"வண்டியில ஏறு."

மிச்ச வழி முழுக்க ரோண்டா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பயிற்சி அறை மாடியில். ஹாலின் வாசலிலேயே ப்ரோடி காத்திருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தான். மெர்லும் தலையசைத்தான். அவர்கள் இருவருக்கும் அதுதான் கட்டிக்கொள்வது.

"நான் நேத்து கோச்சைப் பாத்தேன்," என்றான் ப்ரோடி. "என் காசை மொத்தமாத் திருப்பித் தந்துடறேன், டால்டனை வெச்சுக்குங்கன்னு கேட்டேன்."

ரோண்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னாரு?"

"'விதி தலையைத்தான் எண்ணுது, பணத்தை எண்ணலை. நீ ஒரு டாலர் வாங்கினாலும் முப்பது, வாங்காட்டியும் முப்பது'ன்னாரு. அவர் மேல தப்பில்லம்மா. பாவம், அவரும் தூங்கின மாதிரி தெரியலை."

"டால்டனுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா என்னைத் தூக்கிப் போட்டு மிதிப்பான்."

மெர்ல் மகனின் சட்டைத் தொப்பியை இழுத்துச் சரிசெய்துவிட்டான். அது சரியாகத்தான் இருந்தது.

ஒரே அணிக்காரர்கள் இருவர் மோதும்போது யாரும் யாருக்காகவும் கத்தக் கூடாது. எழுதி வைத்த சட்டமல்ல, ஆனால் அதை மீறியவன் இல்லை. சுவரோரம் அணிப் பையன்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோருக்கு ஒரே ஒரு பெஞ்சு. அதன் மறுமுனையில் மருத்துவமனைச் சீருடையோடு ஒரு பெண், வேலை முடிந்து நேராக வந்தவள், விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். ரோண்டா நகர்ந்து பக்கத்தில் போய், டப்பாவைத் திறந்து கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்ட இனிப்புக் கட்டி ஒன்றை நீட்டினாள்.

"கேஜோட அம்மாவா?"

"ஆமா. நான் ட்ரிஷா. நீங்க டால்டனோட..."

"எடுத்துக்கோம்மா. வெறும் வயித்தோட இதைப் பாக்க முடியாது."

ட்ரிஷா எடுத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு அம்மாக்களும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

உதவிப் பயிற்சியாளர் விசில் ஊதினார். கேஜ் பதினெட்டு வயது வேகம். முதல் நிமிஷத்திலேயே டால்டனின் காலை வாரி வீழ்த்தினான். டால்டன் எழுந்தான். அவனிடம் அந்த வேகம் இல்லை. ஆனால் வருஷக்கணக்காக, நாட்டிலேயே சிறந்தவனான தம்பியிடம் அடி வாங்கினவனுக்கு, அடி எங்கிருந்து வரும் என்று தெரியும். இரண்டாம் சுற்றில் கேஜின் கையைப் பிடித்துத் திருப்பி, மெதுவாக, மாட்டைப் படுக்க வைக்கிற மாதிரி படுக்க வைத்தான். அறையில் மூச்சிரைப்பும் மெத்தையில் உடம்பு தேய்கிற சத்தமும்தான். மெர்லின் இரண்டு கைகளும் முழங்கால்மேல் இருந்தன. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

கடைசிச் சுற்றில் டால்டன் மேலே, கேஜ் கீழே. டால்டன் ஒரு புள்ளி முன்னால். பிடியை விடாமல் இருந்தால் போதும். இருபது நொடி மிச்சமிருக்கும்போது கேஜ் உதறி எழுந்து நின்றுவிட்டான். டால்டன் பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்து, தூக்கிக் கீழே கொண்டுவந்தான். நிற்கும்போது கோக்கலாம். கீழே வந்ததும் பிரித்துவிட வேண்டும்.

விசில். டால்டன் ஒரு புள்ளி முன்னால்.

ரோண்டா கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் ட்ரிஷா கண்ணை மூடிக்கொண்டாள். உதவிப் பயிற்சியாளர் டால்டனின் கையைத் தூக்கப் போனார். டால்டன் கையைத் தரவில்லை.

"நான் கோத்துட்டேன்," என்றான்.

"என்ன?"

"கீழ வந்தப்புறமும் கை கோத்துதான் இருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் நின்னீங்க."

தலைமைப் பயிற்சியாளர் டீட்ஸ் சுவரிலிருந்து விலகி வந்தார். நரைத்த மனிதர். "டால்டன், நான் எதுவும் பாக்கலை."

"நான் பாத்தேன், கோச்."

"அஞ்சு வருஷம்டா," என்றார் டீட்ஸ், ரொம்ப மெதுவாக.

"எண்ணத் தெரியும், கோச்."

கேஜுக்கு ஒரு புள்ளி. சமம். கூடுதல் நேரம். டால்டனின் கால்களில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்பது அறைக்கே தெரிந்தது. நாற்பது நொடியில் கேஜ் அவனை வீழ்த்தினான். வீழ்த்திவிட்டு அந்தப் பையன்தான் அழுதான். டால்டன் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இந்தக் குடும்பத்தில் அதை இரண்டாவது தடவை பார்க்கிறோம். முதல் தடவை நடந்தபோது ரோண்டாவும் மெர்லும் காதலித்துக்கொண்டிருந்தார்கள்.

மெர்லும் இதே பல்கலைக்கழகத்தில் மல்யுத்தம் செய்தவன். எடை குறைத்துக் குறைத்து ஒட்டடைக்குச்சி மாதிரி திரிவான். அந்தக் காலத்தில் வீரன் யாரிடமும் எதையும் இனாமாக வாங்கக் கூடாது. மூலை உணவகத்துக்காரி, அவன் கன்னம் ஒட்டிக்கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், சனிக்கிழமைதோறும் தட்டளவு பொரித்த பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் ஒன்றைக் காசு வாங்காமல் தருவாள். மெர்ல் எட்டு சாண்ட்விச் சாப்பிட்டான். ஒருநாள் விதிப் புத்தகத்தைத் தற்செயலாகப் படித்தவன், யாரும் கேட்காமலே போய்ச் சொன்னான். பாதி வருஷம் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குள் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான். அந்த இடம் திரும்பக் கிடைக்கவேயில்லை.

காசு கூடாது, இனாம் கூடாது என்று அவன் முப்பது வருஷமாகப் பேசுவதன் காரணம் ரோண்டாவுக்குத் தெரியும். சம்பளம் வாங்குவது சரி என்றால், அவன் அந்த வருஷத்தை இழந்தது எதற்காக? அந்தக் கேள்வியை அவள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவள், இதற்கு மட்டும் போட்டதில்லை.

மெத்தையின் நடுவில் டால்டன் உட்கார்ந்து, காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மல்யுத்தத்தை விட்டுப் போகிறவன் காலணியை மெத்தையின் நடுவில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து போக வேண்டும். அது வழக்கம். சுவரோரப் பையன்கள் எழுந்து நின்றார்கள். ஒன்றைக் கழற்றிவிட்டான். ப்ரோடி ஓடிவந்து இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டான்.

"இரு. கழட்டாத."

"விடுடா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வெளிய வா. பேசணும்."

வண்டி நிறுத்துமிடத்தில் காற்று ஊசியாகக் குத்தியது. மெர்ல் வண்டியின் பின்பலகையை இறக்கினான். ஒரு காலில் காலணியும் இன்னொரு காலில் காலுறையுமாக டால்டன் ஏறி உட்கார்ந்தான்.

"ரெண்டையும் போடு, இல்ல ரெண்டையும் கழட்டு," என்றாள் ரோண்டா. "இப்படி அரைகுறையா உக்காராத." சொல்லிவிட்டு அவன் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். அப்புறம் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். பசி யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

ப்ரோடி முன்னால் நின்று, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "ஹாலுக்குப் பக்கத்துல படிச்சு முடிச்சவங்க பயிற்சி பண்ற கிளப் இருக்குல்ல, அது தனி. அங்க இந்த முப்பது கணக்கு கிடையாது. கோச்சைக் கேட்டுட்டேன். தினமும் அங்க நீ என்னோட மல்லுக்கு நிக்கலாம். அதுக்கு நான் உனக்குச் சம்பளம் தரேன். என் காசுல இருந்து."

டால்டன் மென்றதை விழுங்கினான். "உன்னை அடிக்கறதுக்கு எனக்குக் கூலியா? இத்தனை வருஷமா சும்மாதானே அடிச்சேன்."

"இனிமே காசுக்கு அடி."

"வேணாம்டா. பரிதாபப்பட்டுக் குடுக்கறதை வாங்கி..."

"பரிதாபம் இல்லடா. நீ இல்லன்னா மார்ச் மாசம் தேசியப் போட்டியில நான் தோப்பேன்."

"அவன் சொல்றது நிஜம்தான்," என்றாள் ரோண்டா.

டால்டன் அப்பாவைப் பார்த்தான். எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். மெர்ல் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி பார்த்தான்.

"வாங்கிக்கோ," என்றான்.

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

"எனக்கு ஒரு சாண்ட்விச் கூடாதுன்னு அன்னைக்கு ஒரு மேசையைச் சுத்தி உக்காந்து தீர்ப்பு சொன்னாங்க. அந்த மேசையில இருந்த அத்தனை பேரும் சம்பளக்காரங்க. அறையில சம்பளம் இல்லாதவன் நான் ஒருத்தன்தான். பசியோட இருந்தவனும் நான்தான். இதை யோசிக்க எனக்கு முப்பது வருஷம் ஆயிருக்கு, பாத்துக்கோ. நீ அவ்வளவு நேரம் எடுத்துக்காத."

டால்டன் கீழே பார்த்தபடி கேட்டான். "அப்ப நீங்க போய்ச் சொன்னது தப்பாப்பா? நான் இன்னைக்குச் சொன்னது?"

"சொன்னதுல தப்பே இல்ல. நீ இன்னைக்குச் சொன்னப்ப எனக்கு..." மெர்ல் பின்பலகையை ஒரு தட்டுத் தட்டினான். "எனக்கு எழுந்து நின்னு ஹால் கூரை அதிரக் கத்தணும் போல இருந்துச்சு. கத்தக் கூடாதேன்னு உக்காந்திருந்தேன். என் விஷயத்துல, ஒருத்தன் சாப்பிட்ட சாப்பாட்டைக் குத்தம்னு எழுதி வெச்சாங்களே, அதுதான் தப்பு."

ரோண்டா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். குளிர் என்று சொல்லிக்கொண்டாள்.

டால்டன் டப்பாவை மூடி வைத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினான். "சரி. வேலைன்னா வேலை மாதிரி பேசுவோம். நான் உனக்குப் பிரயோசனப்படலைன்னா என்ன பண்ணுவ?"

"அதெல்லாம் ஆகாது."

"ஆச்சுன்னா? நாளைக்கே எனக்குக் கால் வரலை, உனக்கு என்னைவிட நல்லவன் ஒருத்தன் வேணும். அப்ப?"

"அப்பவும் நீதான். உன்னை நான் எப்படிடா நிறுத்துவேன்? என் அண்ணன்டா நீ."

"அப்ப அது சம்பளம் இல்லடா, ப்ரோடி. அது தர்மம்." டால்டனின் குரலில் கோபம் துளியும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தம்பிக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்ட அதே குரல். "'வேலை சரியில்லன்னா உன்னை நிறுத்திடுவேன்'னு என் மூஞ்சியைப் பாத்து ஒரு தடவை சொல்லு. சொன்னா திங்கக்கிழமை காலையில வந்து நிக்கறேன்."

ப்ரோடி வாயைத் திறந்தான். நாடு முழுக்க எவனையும் தூக்கிப் போடுகிறவன், அண்ணனின் முகத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவர்கள் யாரும் உதவிக்கு வரவில்லை.

அவனுக்குச் சொல்ல வரவில்லை.